பழைய காரின் பின்பெட்டி

பழமையைப் போற்றுவது எளிது. பழமையோடு பயணம் செய்வது எளிதன்று. கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் ஓலைச்சுவடியை எட்ட நின்று வியந்துவிட்டுத் திரும்பிவிடலாம். அறுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட ஒரு காரைச் சாலையில் ஓட்டிச் செல்ல விரும்புகின்றவருக்கு அவ்வாறு எட்ட நிற்கும் வசதி இல்லை. வண்டி எங்கே நிற்கும், ஏன் நிற்கும், நின்றால் என்ன செய்வது என்னும் மூன்று கேள்விகளையும் உடன் அழைத்துக்கொண்டுதான் அவர் புறப்பட வேண்டும். அக்கேள்விகளுக்குரிய விடைகளையே அவர் காரின் பின்பெட்டியில் அடுக்கி வைக்கிறார். ஆகவே, ஒரு பழைய காரின் உரிமையாளர் தம் வண்டியை எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பதை அறிய வேண்டுமாயின், அவருடைய காரின் மினுமினுப்பைப் பார்ப்பதைவிடப் பின்பெட்டியைத் திறந்து பார்ப்பதே மேல்.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் 1950, 1960ஆம் ஆண்டுகளில் வாழ்ந்தவர்களுக்கு மோரிஸ் மைனர் என்னும் கார் புதிதன்று. பள்ளி ஆசிரியர், தோட்டக் கிராணி, மருத்துவர், அரசாங்க அலுவலர் எனப் பலரும் அதனை ஓட்டினர். அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்த அக்கார் 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அறிமுகமாயிற்று. 1971ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டபோது, பதினாறு இலட்சத்திற்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டிருந்தன. 1956ஆம் ஆண்டில் 948 சி.சி. எஞ்சினும், 1962ஆம் ஆண்டில் 1098 சி.சி. எஞ்சினும் அதற்குப் பொருத்தப்பட்டன. உருண்ட முகமும் வட்ட விளக்குகளும் கொண்ட அந்த வண்டிகளுள் சில, அன்புடையோரின் பராமரிப்பில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அத்தகைய வண்டி ஒன்றில் கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஈப்போவுக்குப் புறப்படும் ஒருவர் எவற்றையெல்லாம் எடுத்துச் செல்ல வேண்டும் என்று ஆராய்வது, காரைப் பற்றிய ஆராய்ச்சி மட்டுமன்று. அறிவுக்கும் உடைமைக்கும் உள்ள உறவைப் பற்றிய ஆராய்ச்சியுமாகும்.

மோட்டார் வண்டியின் வரலாறே இவ்வுண்மையோடுதான் தொடங்குகிறது. கார்ல் பென்ஸ் தம் வண்டிக்குக் காப்புரிமை கோரியது 1886ஆம் ஆண்டில். அவ்வண்டியில் தொலைதூரம் முதலில் சென்றவரோ அவர் அல்லர். அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ். 1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அவ்வம்மையார் தம் ஆண்மக்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு, ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் சற்று அப்பாலுள்ள ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்குச் சென்றார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகியிருந்த ஊசியைக் கொண்டு அவர் அடைப்பை நீக்கினார். மின்கம்பியின் உறை தேய்ந்தபோது, காலுறையைக் கட்டும் நாடாவே அதற்கு உறையாயிற்று. எரிபொருளை வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக் கடையில் வாங்கினார். தடைக்கட்டை தேய்ந்தபோது, செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் தோல் வைத்துத் தரச் செய்தார். அவரிடம் கருவிப்பெட்டி இருக்கவில்லை. ஆயினும், எந்த உறுப்பு என்ன வேலை செய்கிறது என்னும் தெளிவு இருந்தது. அத்தெளிவினால்தான் ஊசி கருவியாயிற்று, நாடா உதிரிப்பாகமாயிற்று.

அத்தெளிவு இல்லாதவரின் பின்பெட்டி எவ்வாறு இருக்கும்? ஒன்று, வெறுமையாக இருக்கும். அல்லது, பழைய இரும்புக் கடையைப் போல் நிரம்பி வழியும். இரண்டும் ஒரே அறியாமையின் இரு தோற்றங்கள். எதைச் சுமப்பது, எதை விடுப்பது என்று தீர்மானிக்க நான்கு கேள்விகள் போதும். அவ்வுறுப்பு அடிக்கடி பழுதாகக் கூடியதா? பழுதானால் வண்டி நின்றுவிடுமா? சாலையோரத்தில், கைக்கருவிகளைக் கொண்டே அதனை மாற்ற முடியுமா? வழியிலுள்ள ஊர்களில் அது கிடைக்காதா? இந்நான்கிற்கும் ‘ஆம்’ என்னும் விடை வருமாயின் அப்பொருள் பின்பெட்டியில் இடம்பெறும் தகுதியுடையது. கியர்ப்பெட்டியின் பல்சக்கரம் உடைந்தால் வண்டி நின்றுவிடும் என்பது உண்மையே. ஆனால் அதனைச் சாலையோரத்தில் மாற்ற இயலாது. ஆகவே அதனைச் சுமப்பது பாரமேயன்றிப் பயனில்லை.

நான்கு கேள்விகளிலும் தேறும் முதற்பொருள் ஃபேன் பெல்ட். மோரிஸ் மைனரில் ஒரே ஒரு ரப்பர்ப் பட்டைதான் மூன்று வேலைகளைச் செய்கிறது. அது விசிறியைச் சுழற்றுகிறது. தண்ணீர்ப் பம்பை இயக்குகிறது. மின்சாரம் தரும் டைனமோவையும் ஓட்டுகிறது. அது அறுந்தால் முகப்புப் பலகையில் சிவப்பு விளக்கு எரியும். ‘பேட்டரியில் மின்சாரம் இருக்கும்வரை ஓட்டலாம்’ என்று எண்ணிச் சென்றால், நம் நாட்டு வெயிலில் சில நிமிடங்களுக்குள் எஞ்சின் கொதித்துவிடும். சிவப்பு விளக்கைக் கண்டவுடன் நிறுத்துபவருக்குச் செலவு ஒரு பட்டை. நிறுத்தாதவருக்குச் செலவு ஓர் எஞ்சின். டைனமோவைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, புதிய பட்டையை மாட்டி, அதன் நீண்ட பகுதியை விரலால் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் அமிழும் அளவிற்கு இறுக்கிவிட்டால் பயணத்தைத் தொடரலாம்.

அடுத்து வருபவை தீப்பொறிக்கு உரிய சிறு பொருள்கள். இன்றைய கார்களில் மின்னணுக் கருவி செய்யும் வேலையை அக்காலத்துக் கார்களில் ‘பாயிண்ட்’ எனப்படும் இரு சிறு உலோக முனைகள் செய்தன. நான்கு சிலிண்டர் கொண்ட எஞ்சின் நிமிடத்திற்கு 3000 முறை சுழலும்போது, அம்முனைகள் நிமிடத்திற்கு 6000 முறை திறந்து மூடுகின்றன. தேய்மானம் இயல்பே அன்றோ? அவை முழுமையாகத் திறக்கும்போது இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, அதாவது ஏறத்தாழ 0.38 மில்லிமீட்டர், இருக்க வேண்டும். ஆகவே ஒரு தொகுதி பாயிண்ட், ஒரு கண்டென்சர், ஒரு ரோட்டார், ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, இரண்டு பிளக்குகள், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள் ஆகியவற்றைச் சிறிய பெட்டி ஒன்றில் வைத்துக்கொள்வது நலம். இவையனைத்தும் சேர்ந்தாலும் ஒரு சோற்றுப் பாத்திரத்தில் அடங்கிவிடும்.

இவ்விடத்தில் அனுபவம் உடையோர் கைக்கொள்ளும் முறை ஒன்றைக் குறிப்பிடுதல் வேண்டும். புதிதாக வாங்கிய பொருளை அப்படியே பின்பெட்டியில் போட்டு வைப்பது பலரின் வழக்கம். பழைய கார்களுக்காக இன்று செய்யப்படும் உதிரிப்பாகங்கள் எல்லாம் ஒரே தரத்தன அல்ல. உறையைப் பிரித்து மாட்டிய புத்தம் புதிய ரோட்டார் சில மணி நேரத்தில் செயலிழப்பதும் உண்டு. எனவே, புதியதை வீட்டிலேயே வண்டியில் பொருத்திச் சில வாரங்கள் ஓட்டிப் பார்க்க வேண்டும். நன்றாக இயங்கிக்கொண்டிருந்த பழையதைத் துடைத்து, உறையில் இட்டு, பின்பெட்டியில் வைக்க வேண்டும். சோதிக்கப்படாத புதியதைவிடச் சோதிக்கப்பட்ட பழையதே நெருக்கடியில் நம்பத்தக்கது. பொருத்திப் பார்த்ததனால் மற்றொரு நன்மையும் விளைகிறது. எந்தத் திருகாணி எங்கே இருக்கிறது, எது கைதவறிக் கீழே விழும் என்பதைக் கைகள் முன்னரே கற்றுக்கொள்கின்றன. நள்ளிரவில், மழையில், கைவிளக்கின் ஒளியில் முதன்முறையாகக் கற்பது கல்வியாகாது; அது தண்டனை.

சில பழுதுகளுக்கு உதிரிப்பாகம் தேவையில்லை, செவி போதும். மோரிஸ் மைனரின் பெட்ரோல் பம்ப் மின்சாரத்தால் இயங்குவது. சாவியைத் திருப்பியவுடன் அது ‘டிக், டிக்’ என்று ஒலித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் அடங்கிவிடும். ஒலி அடங்காமல் விரைந்து ஒலிக்குமாயின் தொட்டியில் பெட்ரோல் இல்லை, அல்லது குழாயில் காற்றுப் புகுகிறது என்று பொருள். ஒலியே எழாவிட்டால் மின்சாரம் வரவில்லை, அல்லது பம்பினுள் இருக்கும் மின்முனைகள் கரி படிந்துவிட்டன என்று பொருள். அந்நிலையில் திருப்புளியின் மரப்பிடியால் பம்பின் உடலை மெல்லத் தட்டினால் பெரும்பாலும் அது மீண்டும் பேசத் தொடங்கும். அத்தட்டு வீடு போய்ச் சேர உதவும். நிலையான மருந்து ஆகாது. வீடு சேர்ந்ததும் முனைகளைத் தூய்மை செய்ய மறந்துவிடுபவர் அடுத்த பயணத்திலும் தட்டத்தான் வேண்டியிருக்கும்.

பெயர் ஒன்றாயிருந்தும் பொருள் வேறாகும் இடங்களும் உண்டு. இலக்கண ஆசிரியர்கள் ஒருசொல் பலபொருளைப் பற்றி மாணவர்களை எச்சரிப்பதுபோல், பழைய காரின் உரிமையாளரையும் எச்சரிக்க வேண்டும். அக்காலத்து லூக்காஸ் கண்ணாடி ஃபியூஸின் மீது ‘35 ஆம்பியர்’ என்று எழுதியிருக்கும். அது உருகி அறும் அளவு. தொடர்ந்து தாங்கும் அளவோ ஏறத்தாழ அதில் பாதி, அதாவது 17 ஆம்பியர்தான். இன்றைய ஃபியூஸ்களில் பொதுவாக எழுதப்பட்டிருப்பது அவை தொடர்ந்து தாங்கும் அளவு. இவ்வேறுபாட்டை அறியாதவர் கடையில் ‘35’ என்று கேட்டு வாங்கிய இன்றைய ஃபியூஸைப் பொருத்தினால், ஃபியூஸ் உருகுவதற்கு முன்னர் ஐம்பதாண்டுப் பழமையுடைய கம்பி உருகத் தொடங்கிவிடும். எண் சரியாக இருந்தும் தீப்பற்றிக்கொள்ள இடமுண்டு. ஆகவே, அக்கால அளவுக்குரிய நான்கைந்து ஃபியூஸ்களை உரிய பெயர் எழுதிய உறையில் வைத்திருப்பது இன்றியமையாதது.

இதைவிட நுட்பமானது பேட்டரியின் இணைப்பு. இன்றைய கார்களில் பேட்டரியின் எதிர்முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். மோரிஸ் மைனரிலோ நேர்முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. பேட்டரி தளர்ந்து நிற்கும்போது வழிப்போக்கர் ஒருவர் இரக்கத்தோடு தம் காரை அருகில் கொண்டுவந்து, ‘வயர் கொடுங்கள் ஐயா, ஸ்டார்ட் செய்துவிடலாம்’ என்பார். அவர் பழகிய வழக்கப்படி இணைத்தால், உதவியே ஊறாக முடியும். நேர்முனையை நேர்முனையோடும் எதிர்முனையை எதிர்முனையோடும் இணைப்பதோடு, இரு கார்களின் உடல்களும் ஒன்றையொன்று தொடாதவாறும் பார்த்துக்கொள்ள வேண்டும். தொட்டால் அவ்விடமே மின்கசிவுக்கு வழியாகிவிடும். இணைப்பைப் பின்னாளில் மாற்றியமைத்த வண்டிகளும் இருப்பதால், தம் வண்டி எவ்வகையது என்பதை போனட்டின் உட்புறத்தில் தெளிவாக எழுதி ஒட்டி வைப்பது உரிமையாளரின் கடமை. ஒரு வெள்ளி செலவில்லாத அந்தத் தாள், பின்பெட்டியிலுள்ள பல பொருள்களைவிட மதிப்புடையது. பேட்டரி தளர்ந்தாலும் கையால் சுழற்றி எஞ்சினை உயிர்ப்பிக்கும் இரும்புப் பிடியும் அக்காருக்கு உண்டு. அதனைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைக்க வேண்டும். எஞ்சின் பின்னோக்கி உதைத்தால் எதிர்ப்பக்கம் இருக்கும் கட்டைவிரல் முறியக்கூடும்.

கருவிகளிலும் இந்தக் காலவேறுபாடு தலைகாட்டுகிறது. மோரிஸ் மைனரின் போல்ட்டுகள் பெரும்பாலும் அங்குல அளவின. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 13 மில்லிமீட்டர் ஸ்பானர் அதில் சற்றுத் தளர்வாகப் பொருந்தும். இறுக்கமான போல்ட்டில் வழுக்கி முனைகளை மழுக்கிவிடும். பதினாறில் ஏழு பங்கு அங்குலத்திற்கோ 11 மில்லிமீட்டர் நுழையாது. 12 மில்லிமீட்டர் நழுவும். இன்றைய பட்டறையில் நூறு ஸ்பானர்கள் தொங்கினும் அவற்றுள் அங்குல அளவுடையது ஒன்றும் இல்லாமற் போகலாம். எனவே அங்குல ஸ்பானர்கள் ஐந்தாறு, பிளக் ஸ்பானர், தட்டைமுனைத் திருப்புளிகள் இரண்டு, குறடு, சிறு சுத்தியல், 12 வோல்ட் சோதனை விளக்கு, சிறிது மின்கம்பி, ஒட்டுநாடா, குழாயை இறுக்கும் வளையங்கள், கட்டுக்கம்பி, பழந்துணி ஆகியவை பழைய காரோடு உறைய வேண்டியவை. தண்ணீர் 5 லிட்டரும், எஞ்சின் எண்ணெய் 1 லிட்டரும் உடன் இருக்கட்டும். கொதித்த ரேடியேட்டரின் மூடியை உடனே திறத்தல் ஆகாது. அழுத்தத்தில் அடங்கியிருக்கும் கொதிநீர் முகத்தில் பாயும். பொறுமையும் ஒரு கருவியே என்பதை ரேடியேட்டர் கற்பிக்கிறது.

சக்கரம் மாற்றுவது எல்லாரும் அறிந்த வேலை எனக் கருதப்படுகிறது. ஆயினும் பழைய காரில் ஜாக்கி பொருந்தும் இடம் துருவினால் வலுவிழந்திருக்கலாம். வண்டியைத் தூக்குவதற்கு மாறாக ஜாக்கி தகட்டைத் துளைத்து உட்புகலாம். புறப்படும் முன்னர் வீட்டு முற்றத்தில் ஒருமுறை தூக்கிப் பார்ப்பது அறிவுடைமை. மழையில் நனைந்த சாலையோர மண்ணில் ஜாக்கி புதையாதிருக்க ஒரு கனத்த மரப்பலகையும், சக்கரம் உருளாதிருக்க இரு மரக்கட்டைகளும் வேண்டும். மாற்றுச் சக்கரத்தின் டயர் ஓடாதிருந்தும் முதுமை அடைவது. டயரின் பக்கத்தில் பொறித்துள்ள நான்கு இலக்கங்களுள் முதல் இரண்டு வாரத்தையும், பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். கண்ணுக்குப் புதிதாகத் தோன்றும் டயரின் உண்மை வயதை அவ்விலக்கங்கள் சொல்லிவிடும்.

இதுவரை கூறியவை எல்லாம் சுமக்கக் கூடியவை. சுமக்க முடியாதவையும் உண்டு என்பதை உணர்வதே இக்கல்வியின் உச்சம். மோரிஸ் மைனரின் முன்சக்கரங்களைத் தாங்கும் கீழ்மூட்டு, திருகுமரையினால் பொருந்தியது. கையேடு குறித்துள்ள இடைவெளியில் அதற்கு மசகு இடாவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் மூட்டுக் கழன்று, சக்கரம் உள்ளே மடிந்துவிடும். மெல்லத் திருப்பும்போது மடிந்தால் நல்வினை. விரைந்து செல்கையில் மடிந்தால் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை. தடையமைப்பும் அத்தகையதே. அக்காரின் நான்கு சக்கரங்களின் தடைகளுக்கும் ஒரே நீர்வழிதான். ஓரிடத்தில் ஒழுகினால் காலால் மிதிக்கும் தடை முழுவதும் போய்விடும். கையால் இழுக்கும் தடை மட்டுமே எஞ்சும். பின்பெட்டியில் தடைநீர்க் குப்பி ஒன்று இருக்கிறது என்னும் துணிவில், ஒழுகும் வண்டியில் மேலும் நீரை ஊற்றி ஓட்டிச் செல்வது பேதைமை. இவ்விரு பழுதுகளுக்கும் மருந்து பின்பெட்டியில் இல்லை. புறப்படுவதற்கு முந்திய வார இறுதியில், வீட்டில், வண்டிக்கு அடியில் செலவிடும் ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது. வருமுன் காத்தல் என்று முன்னோர் கூறியது இதுவே.

சாலைகள் மாறியதனால் பின்பெட்டியின் பொருளும் மாறியிருக்கிறது. பழைய நெடுஞ்சாலை தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், பீடோர், தாப்பா, கம்பார் என ஊர் ஊராகச் சென்றது. வண்டி நின்றால் அடுத்த ஊரில் ஒரு பட்டறை இருக்கும். அங்கே பாயிண்ட்டைத் தேய்த்துக் கொடுக்கத் தெரிந்த ஒரு கைவினைஞர் இருப்பார். 1994ஆம் ஆண்டில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. பயணம் விரைவாயிற்று, ஊர்கள் விலகி நின்றன. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வண்டிகள் பறக்கும் இடத்தில் பழைய கார் நிற்குமானால், முதலில் காக்க வேண்டியது காரையன்று, மனிதரை. எச்சரிக்கை முக்கோணம், ஒளிரும் மேற்சட்டை, தீயணைக்கும் குப்பி, கைவிளக்கு, கைத்தொலைபேசி ஆகியவை ஸ்பானர்களுக்கு முன்னே எடுக்கப்பட வேண்டும். இடப்புறம் ஓட்டும் நம் நாட்டில், அவசரத் தடத்தில் நிற்கும் காரின் வலப்பக்கச் சக்கரம் ஓடும் வண்டிகளை நோக்கியே இருக்கும். அதனை மாற்றக் கருவிகள் அனைத்தும் இருந்தாலும், மாற்றத் தெரிந்திருந்தாலும், மாற்றாதிருப்பதே தக்கது. பயணிகளை இரும்புத் தடுப்புக்கு அப்பால் நிறுத்திவிட்டு உதவிக்கு அழைப்பதுதான் அங்கே அறிவின் செயல். செய்ய இயன்றும் செய்யாது விடுவதற்குச் செய்யும் திறனைவிடச் சற்றுக் கூடுதலான தெளிவு வேண்டும்.

பாயிண்ட்டை ஒலியாலேயே சரிசெய்யும் திறன் பெற்ற பட்டறைக்காரர்கள் முதுமை எய்திவிட்டனர்; பலர் மறைந்துவிட்டனர். அவர்களிடம் கற்றோர் சிலரே. ஆகவே பழைய காரை வைத்திருப்பவர் வெறும் உடைமையாளராக இருந்துவிட முடியாது. மாணாக்கராகவும் ஆக வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் பின்பெட்டியில் உள்ளவற்றை ஒரு பாயில் பரப்பி, ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, ‘இது எதற்கு? இதை எப்படி மாற்றுவது?’ என்று தம்மையே கேட்டுக்கொள்ளுதல் நன்று. விடை தெரியாத பொருளை வீட்டில் வைத்துவிட்டு, விடையைக் கற்ற பின்னர் மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ அருகில் இருப்பார்களாயின், கேள்வியை அவர்களிடம் கேட்பது இன்னும் நன்று. ஃபேன் பெல்ட்டைத் தன் கையால் ஒருமுறை மாட்டிப் பார்த்த சிறுமிக்கு அந்தக் கார் தாத்தாவின் பழைய வண்டியாக மட்டும் தோன்றாது. தனக்குத் தெரிந்த வண்டியாகவும் தோன்றும்.

ஒரு தலைமுறை மறுதலைமுறைக்குக் காரை எழுதி வைக்கலாம். பின்பெட்டியையும் அதனுள் இருக்கும் பொருள்களையும் சேர்த்தே எழுதி வைக்கலாம். ஆனால் அப்பொருள்களின் பயனை எழுதி வைத்தல் இயலாது. அதைக் கற்பிக்கத்தான் வேண்டும். கற்பிக்காமல் விட்டுச் சென்ற காரை விற்றுவிடுவார்கள். அல்லது துணி போட்டு மூடி வைப்பார்கள். கற்பித்துச் சென்ற கார் மட்டுமே சாலையில் ஓடும். மரபு என்று போற்றப்படும் பிறவற்றுக்கும் இதுவே பொருந்தும் என்பதைத் தமிழ் கற்பிப்போருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.